விளம்பரப்படக் குழு அமர்த்தல் (சென்னை)

விளம்பரப் படத்துக்கு இயக்குநரைத் தேடும்போதே கதை பெரும்பாலும் தயாராக இருக்கும். எழுதுவது விளம்பர நிறுவனம். அது சில தயாரிப்பு நிறுவனங்களிடம் விலை கேட்கும். அவை ஆளுக்கொரு இயக்குநரை முன்னிறுத்தி, அந்தக் கதையை அவர் எப்படி எடுப்பார் என்ற குறிப்பையும் பட்ஜெட்டையும் கொடுக்கும். இயக்குநரின் பழைய படங்களின் தொகுப்பான ஷோரீல்தான் பெரும்பாலும் முடிவைச் சாய்க்கும். உணவைப் படமாக்கிப் பெயர் எடுத்தவருக்குக் கார் விளம்பரம் லேசில் வராது. இந்த முத்திரை சற்று அநியாயமானதுதான்.

ஒளிப்பதிவாளர் யாரென்பதை இயக்குநரே சொல்லிவிடுவார். கலை, உடை, ஒப்பனைக் கலைஞர்களிடம் சம்பளம் பேசுவது தயாரிப்பு நிர்வாகி. லைட்மேன்கள் விளக்குகளை வாடகைக்குத் தரும் யூனிட்டோடு வந்துவிடுவார்கள். தொழிலாளர்கள் பலர் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியில் இணைந்த சங்கங்களின் உறுப்பினர்கள். அவர்களின் சம்பளத்துக்கும் பேட்டாவுக்கும் சங்க விகிதமே அடிப்படை. கால்ஷீட் என்னும் வேலை நேரம் தாண்டினால் சம்பளம் ஒன்றரை கால்ஷீட்டாகக் கணக்கு ஏறும். ‘இன்னும் ஒரே ஒரு ஷாட்’ என்று இயக்குநர் கேட்கும்போது நிர்வாகி கடிகாரத்தைப் பார்ப்பது அதனால்தான்.

விளம்பரத்தில் பெயர் பெற்றவரைத் திரைப்படத் தயாரிப்பாளர்கள் அழைப்பதும் உண்டு. விளம்பரப் படங்கள் எடுத்துவந்த ராஜீவ் மேனன் இயக்கிய முதல் திரைப்படமான ‘மின்சார கனவு’ (1997) ஏவிஎம் தயாரிப்பு.