டெம்ப்ளர் பூங்கா வழியாக வியட்நாம்

நெகிரி செம்பிலானில், லாபுவுக்குப் பக்கத்தில், ஃபெல்டா எல்.பி. ஜான்சன் என்று ஒரு நிலக்குடியேற்றத் திட்டம் இருக்கிறது. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் 1966 அக்டோபர் கடைசியில் மலேசியாவுக்கு வந்தபோது அந்த இடத்தைப் பார்க்கப் போனார். அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் கூத்துதான், ஆனால் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது.

இந்த ஜான்சன் யார்? 1964 ஜூலை 2ஆம் தேதி சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். கறுப்பினத்தவரைக் கடையிலும் ஓட்டலிலும் ஒதுக்கிவைப்பது அதோடு சட்டப்படி குற்றமானது. அடுத்த மாதமே டோன்கின் வளைகுடாத் தீர்மானத்தை வாங்கிக்கொண்டு வியட்நாமுக்குள் முழுதாக இறங்கியவரும் இவர்தான். ஒரே ஆள், ஒரே கோடைக்காலம்.

நான் படித்தது இயந்திரவியல். மூன்றாம் ஆண்டில் ஒரு விருப்பப் பாடம் எடுத்தாக வேண்டும். மற்ற வகுப்புகளோடு இடிக்காமல் இருந்தது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க வரலாறு மட்டும்தான். சும்மா போய் உட்கார்ந்தேன். மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு, பர்மிங்ஹாமில் சிறுவர்கள்மேல் பீய்ச்சிய தண்ணீர், மை லாய் என்று வாரத்துக்கு ஒன்று. என்னை அதிகம் தொந்தரவு செய்தது 1967 ஏப்ரல் 4ஆம் தேதி நியூயார்க் ரிவர்சைட் தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரை. சொந்த ஊரில் மறுக்கப்படும் உரிமையை எட்டாயிரம் மைல் தாண்டிப் போய்க் காப்பாற்றச் சொல்லிக் கறுப்பு இளைஞர்களை அனுப்புகிறீர்களே என்று அதில் கேட்டார். அதுவரை அவரைக் கொண்டாடிய பெரிய பத்திரிகைகளே, உன் வேலையை மட்டும் பார் என்கிற தொனியில் எழுதின. சரியாக ஒரு வருடம் கழித்து, அதே ஏப்ரல் 4இல், சுட்டுக் கொன்றார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் நடந்தது எதுவும் தெரியாது. வரலாற்றில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்று 2013இல் ஆக்கினார்கள். நான் எழுதியது அதற்கு அடுத்த வருடம். 'டாருராட்' என்கிற அவசர காலம், பிரிக்ஸ் திட்டம், புதுக்கிராமங்கள் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஒப்பித்தேன். ஒப்பித்ததெல்லாம் நடந்த இடம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும் சாலை என்று யாரும் சொல்லவில்லை.

அந்தச் சாலையைக் கொஞ்சம் சொல்கிறேன். செலாயாங்கிலிருந்து முதலாம் எண் கூட்டரசு சாலையில் வடக்கே போனால் முதலில் வருவது டெம்ப்ளர் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு போய் அருவியில் குளித்துவிட்டு வருவோமே, அதே டெம்ப்ளர். பிறகு ரவாங், செரெண்டா, பத்தாங் காலி, கோல குபு, அதற்குமேல் தஞ்சோங் மாலிம். ஒரு காலைக்குள் மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்பிவிடலாம்.

ஜெரால்ட் டெம்ப்ளர் 1952 பிப்ரவரியில் மலாயாவின் உயர் ஆணையராக வந்தார். மக்களின் 'இதயங்களையும் மனங்களையும்' வெல்ல வேண்டும் என்ற சொற்றொடர் பரவியது அவரால்தான். வியட்நாம் பற்றிய எந்த ஆவணப்படத்தைப் போட்டாலும் அமெரிக்கத் தளபதிகள் இதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வந்த அடுத்த மாதம் அவர் செய்தது என்ன? தஞ்சோங் மாலிம் அருகே பதுங்கித் தாக்கியதில் பன்னிரண்டு பேர் இறந்ததும், ஊர் முழுவதற்கும் நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு அரிசிப் பங்கீட்டையும் வெட்டினார். இதயமும் மனமும் இருக்கட்டும், முதலில் வயிற்றில் கை வைத்தார்.

அவருக்கு முன்பே தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில், காட்டோரம் குடியிருந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைக் குடிபெயர்த்து முள்கம்பி வேலிக்குள் அடைத்தார்கள். பெரும்பாலும் சீனர்கள். அப்படி உருவானவற்றில் ஆகப் பெரியது நமக்குப் பக்கத்திலிருக்கும் ஜின்ஜாங். தோட்டங்களிலும் வேலி வந்தது. சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து ஓரிடத்தில் கூட்டினார்கள். பால்வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள், ஒரு பிடி அரிசி காட்டுக்குள் போய்விடக் கூடாதென்று. கடையில் டின் உணவு வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத் தர வேண்டும், சேர்த்துவைக்க முடியாதபடி. காட்டிலிருந்து வந்தவர்கள் சோறும் சந்தாவும் கேட்டார்கள். கொடுத்தால் போலீஸ் பிடிக்கும், கொடுக்காவிட்டால் காடு பிடிக்கும். தமிழர்களின் அவசர காலம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிந்தது.

இங்கே பழகிய ஆட்கள் பிறகு சைகோனுக்குப் போனார்கள். மலாயாவின் தற்காப்புச் செயலாளராக இருந்த ராபர்ட் தாம்சன், 1961இல் பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவின் தலைவராக அங்கே இறங்கினார். அடுத்த வருடம் தென் வியட்நாமில் 'வியூகக் குக்கிராமங்கள்' எழும்பத் தொடங்கின. அதே வேலி, அதே சோதனை. அங்கே அது ஓரிரு வருடத்தில் நொறுங்கியது. மலாயாவில் அடைக்கப்பட்ட பலருக்கு நிலப்பட்டா இல்லை, வேலிக்குள்ளாவது ஒரு துண்டு நிலம் கிடைத்தது. வியட்நாம் விவசாயியைப் பிய்த்தெடுத்ததோ பாட்டன் பூட்டன் சமாதி இருக்கும் மண்ணிலிருந்து. மண் பரிசோதனை செய்யாமல் வேறு ஊர்ப் பாலத்தின் வரைபடத்தை வைத்துக் கட்டியது மாதிரி. எங்கள் துறையில் இதற்கு லைசென்ஸ் போய்விடும்.

மருந்து தெளிப்பும் அப்படித்தான். காட்டு இலைகளையும் பயிர்களையும் கருகவைக்கும் களைக்கொல்லிகளைப் பிரிட்டிஷார் மலாயாவில் பயன்படுத்தியிருந்தார்கள். 1961 நவம்பரில் அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் டீன் ரஸ்க், இது போர்ச் சட்டத்தை மீறுவதாகாது, மலாயாவில் பிரிட்டிஷார் ஏற்கெனவே முன்னுதாரணம் காட்டியிருக்கிறார்கள் என்று அதிபர் கென்னடிக்கு எழுதினார். பிறகு வந்ததுதான் ஏஜெண்ட் ஆரஞ்சு.

போனது இவ்வளவு. திரும்பி வந்ததும் ஒன்று உண்டு.

1948 டிசம்பர் 12. பத்தாங் காலிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்காட்ஸ் காவற்படையின் ஒரு பிரிவு, ஆயுதம் எதுவுமில்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. தப்பி ஓட முயன்றார்கள், சுட்டோம் என்றது அரசு. கதை அதோடு இருபத்தோரு வருடம் மூடிக் கிடந்தது. 1969 நவம்பரில் மை லாய் அம்பலமானது. அமெரிக்க ராணுவத்தின் புகைப்படக்காரரே எடுத்த படங்கள் உலகமெங்கும் அச்சாயின. அந்தச் சூட்டில்தான் பிரிட்டனில் முன்னாள் சிப்பாய்கள் சிலர் வாய் திறந்தார்கள். 1970 பிப்ரவரியில் ஒரு லண்டன் பத்திரிகை அவர்களுடைய வாக்குமூலங்களை வெளியிட்டது: யாரும் ஓடவில்லை, நிறுத்திச் சுட்டோம். விசாரணை தொடங்கி, அந்த ஆண்டு ஆட்சி மாறியதும் நின்றுபோனது. குடும்பத்தினர் விடாமல் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015 நவம்பரில், காலம் கடந்துவிட்டது, பொது விசாரணைக்கு உத்தரவிட முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் அப்பாவிகள் என்பதைத்தான் சான்றுகள் காட்டுகின்றன என்பதைத் தீர்ப்பிலேயே எழுதிவைத்துவிட்டுத்தான்.

எனக்கு இதில் உறுத்துவது இதுதான்: இங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கும் ஒரு கொலைக்களத்தின் கதவு, வியட்நாமில் ஒரு கிராமம் செத்த பிறகே திறந்தது. மை லாயை முதலில் படித்து அதன் வழியாகப் பத்தாங் காலிக்கு வந்ததை என் தனிப்பட்ட அறியாமை என்று முதலில் நினைத்தேன். இல்லை, செய்தி வெளிவந்த வழியே அதுதான்.

அதே சாலையில் ரவாங். அங்கே வாட்டர்ஃபால் தோட்டத்தில் 1949 மார்ச் மாதம் எஸ்.ஏ. கணபதி கைதானார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். கையில் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. கண்டெடுத்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போனேன் என்றார். இந்திய அரசு கேட்டும் தண்டனை குறையவில்லை. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கு. அதற்கு முதல் நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். புடு சிறை இருந்த இடத்தில் இப்போது லாலாபோர்ட் பேரங்காடி. பழைய வாசலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், எல்லாரும் செல்ஃபி எடுக்கிறார்கள்.

கணபதியை 'மலாயாவின் மார்ட்டின் லூதர் கிங்' என்று பதிவு போடுகிறவர்கள் இருவரையுமே படிக்கவில்லை என்றுதான் சொல்வேன். சம்மேளனம் கம்யூனிஸ்டுகளின் பிடியில் இருந்தது, அகிம்சை அவர்கள் கொள்கையும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் போராடியவர்களுக்குத் தேவாலயம் இருந்தது, வழக்குப் போட நீதிமன்றம் இருந்தது, சிறையிலிருந்து எழுதிய கடிதம் வெளியே வந்தது. இங்கே 1948 ஜூனில், அவசர நிலை அறிவித்த அதே மாதத்தில், தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒன்றாகச் சேரக் கூடாது, அந்தத் தொழிலில் மூன்று வருடம் வேலை செய்யாதவர் பொறுப்புக்கு வரக் கூடாது. சம்மேளனம் ஒரே அடியில் சட்டவிரோதமானது. விசாரணையில்லாக் காவல், நாடு கடத்தல் எல்லாம் பின்னாலேயே வந்தன. சட்டத்தின் வாசல் வழியாகப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கணபதியிடம் கேட்க அந்த வாசல் எங்கே இருந்தது?

மாண்ட்கோமரிக்கு நிகராக ஒன்று வேண்டுமென்றால் இன்னும் பின்னால், 1941க்குப் போக வேண்டும். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அந்த வருடம் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர் ஆர்.எச். நாதன். கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பெண்களிடம் தவறாக நடக்காமை, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது எல்லாம் உண்டு. நடுவில் இதுவும் இருந்தது: துரைக்கும் கிராணிமாருக்கும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை.

இந்த வரியில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்தது 1955 டிசம்பரில். அது நகரப் பேருந்து, எல்லாரும் ஏறுகிற வண்டி. இங்கே சைக்கிள் அவனுடையது. கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது. அதிலும் உட்கார்ந்து போக அனுமதி இல்லை, ஏனென்றால் சாலை தோட்டத்துடையது, சாலைமேல் போகிற முதுகும் தோட்டத்துடையது. காசு கேட்பதற்கான மொழி எல்லாச் சங்கங்களுக்கும் இருந்திருக்கும். இறங்க மாட்டேன் என்பதைக் கோரிக்கையாக எழுத வேறு ஏதோ வேண்டியிருந்திருக்கிறது. நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். மே மாதம் சிலாங்கூரில் அவசர நிலை, ராணுவம், துப்பாக்கிச் சூடு. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். ஆறேழு மாதத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டான், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பாட்டி பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டது அறுபதுகளில். சைக்கிள் விஷயத்தை அவரிடம் கேட்டேன். கிள்ளான் வேலைநிறுத்தம் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"உங்க தாத்தா ரேலி சைக்கிள் வாங்குனப்ப அந்த மாதிரி சட்டமெல்லாம் கிடையாதுய்யா. வெள்ளக்காரத் தொரையும் போயிட்டான். நம்மாளு ஒருத்தருதான் தொர," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஆபீஸ்கிட்ட வந்தா எறங்கி உருட்டிக்கிட்டுத்தான் போவாரு. ஏன்னு நான் கேட்டதில்ல."