நாய் வரியும் ஆறு நாள் ஊழியமும்

மாத்தளைக் கிளர்ச்சியை வகுப்பிலே படிப்பிக்கும்போது மாணவர் தவறாமற் சிரிக்கும் இடம் ஒன்று உண்டு. 1848ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு விதித்த புதிய வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வருவோம். துப்பாக்கிக்கு வரி என்றால் குறிப்பெழுதுவர். கடைக்கு வரி என்றாலும் எழுதுவர். நாய்க்கு வரி என்றதும் பேனாக்கள் நின்றுவிடும். பின்வாங்கிலிருந்து சிரிப்பு எழும். நாமும் அவர்களோடு சேர்ந்து சிரித்ததுண்டு. ஆனால், அதே பாடத்திலே சற்றுத் தள்ளி, இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி 18 பேர் கொல்லப்பட்டனர் என்ற செய்தி வருகின்றது. நகைப்புக்கு இடமான ஒரு சட்டத்துக்கும் இந்த மரணங்களுக்கும் உள்ள தொடர்பு யாது? இதனை விளங்கிக்கொள்ளாதவரை நாம் அவ்வாண்டின் வரலாற்றைக் கற்றவர்களாக மாட்டோம்.

தொடர்பின் வேர் கோப்பித் தோட்டத்திலே இருக்கின்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையை நிறுவ முடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய நிலமெனக் கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் விறகு பொறுக்கியும் மாடு மேய்த்தும் வந்த மலைநாட்டுக் குடியானவனிடம் உறுதிப் பத்திரம் ஏது? அவனுடைய காடு துரைமாரின் தோட்டமாயிற்று. நிலம் வாங்கியவர்களுள் அரசாங்கத்தின் உயர் உத்தியோகத்தர் பலரும் இருந்தனர். 1847ஆம் ஆண்டளவில் கோப்பி விலை வீழ்ந்தது, தோட்டங்கள் நொடித்தன, அரசின் வருமானமும் சுருங்கிற்று. அவ்வாண்டிலேயே தேசாதிபதியாக வந்து சேர்ந்தவர் டொறிங்டன் பிரபு. பிரித்தானியப் பிரதம மந்திரி றசல் பிரபுவுக்கு உறவினர் என்பதைத் தவிர, இந்நாட்டை ஆள்வதற்கு அவரிடம் பெரிய தகைமை எதுவும் இருந்ததாகக் கூறுவதற்கில்லை.

நொடித்த தோட்டத்துரைமாருக்கு ஆறுதலாகக் கோப்பியின் ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. அதனால் விழுந்த பள்ளத்தை நிரப்பக் கிராமத்தவனின் வீடு தேடி வரி வந்தது. நாயொன்றுக்கு ஆண்டுக்கு ஒரு சிலிங். துப்பாக்கி அனுமதிக்கு இரண்டரைச் சிலிங். கடைக்கு ஒரு பவுண். இவற்றுக்கெல்லாம் மேலாக, 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஆணும் ஆண்டுதோறும் ஆறு நாள் தெரு வேலை செய்தல் வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் கட்டுதல் வேண்டும் என்று தெருச் சட்டம் விதித்தது.

இவ்வரிகளுக்கு அரசு தரப்பில் நல்ல காரணங்களே சொல்லப்பட்டன. கட்டாக்காலி நாய்களின் தொல்லை குறையும். துப்பாக்கிகள் பதிவானால் குற்றங்கள் குறையும். தெருக்கள் பெருகினால் நாடு செழிக்கும். மக்களுக்கு நன்மை செய்வதாகவே இத்தகைய சட்டங்கள் எப்பொழுதும் பேசுகின்றன. ஆனால், மலைநாட்டுக் கிராமத்தில் நாய் வீட்டு அலங்காரமன்று. காட்டின் ஓரத்திலே குரக்கன் விதைத்தவன் இரவு முழுவதும் காவற்பரணில் விழித்திருக்கும்போது, பன்றி வருகின்றது என்று முதலில் அறிவிப்பது நாய். அதனைத் துரத்த அவனிடமிருப்பது ஒரு பழைய துப்பாக்கி. இவை கமத்தொழிலின் கருவிகள், மண்வெட்டியைப் போன்றவை. கொழும்பிலே இருந்து பார்த்தவனுக்கு ஒன்று தொல்லையாகவும் மற்றொன்று குற்றக் கருவியாகவும் தோன்றின. பயிரைக் காப்பவனை எவரும் கேட்கவில்லை.

காசின் அளவைவிட, அதனை அறவிடும் முறை மக்களை மிகுதியும் வருத்தியிருக்க வேண்டும். நாய்க்கு வரியென்றால் நாயை எண்ண வேண்டும். எண்ணுவதற்கு முற்றத்துக்குள் வர வேண்டும். துப்பாக்கிக்கு அனுமதி வேண்டுமென்றால் வேலையை விட்டுப் பல கட்டை நடந்து கச்சேரிக்குப் போக வேண்டும். தனக்கு விளங்காத மொழியிலே எழுதிய கடதாசிக்குக் காத்திருக்க வேண்டும். இன்று நாயை எண்ணியவன் நாளை எதனை எண்ணுவானோ என்ற அச்சம் பரவிற்று. இன்னும் பல வரிகள் வரப்போகின்றன என்ற வதந்திகள் ஊர்தோறும் உலாவின. அவ்வதந்திகளைப் பாமரர் அறியாமை என்று உத்தியோகத்தர் இகழ்ந்தனர். நாய்க்கே வரி விதித்த அரசு எதற்கும் வரி விதிக்கும் என்று நம்புவது அறியாமையா, அனுபவமா என்பதை வாசகர் தீர்மானிக்கலாம்.

இனித் தெருச் சட்டத்துக்கு வருவோம். கோல்புறூக் விசாரணைக்குழுவின் சிபார்சினை ஏற்று இராசகாரிய முறையை, அதாவது கட்டாய ஊழியத்தை, 1832ஆம் ஆண்டில் ஒழித்தவர்கள் இதே பிரித்தானியரே. மனிதன் தன் உழைப்பைத் தன் விருப்பப்படி விற்க உரியவன் என்ற கொள்கை அன்று பெருமையோடு பேசப்பட்டது. அது ஒழிந்து பதினாறு ஆண்டுகளே கழிந்த நிலையில் அதே ஊழியம் வேறு பெயரோடு திரும்பி வந்தது. பழைய இராசகாரியத்திலே நிலத்துக்கு ஈடாக ஊழியம் இருந்தது. புதியதிலே ஈடு எதுவும் இல்லை. நிலத்தைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு, அத்தோட்டத்தின் கோப்பி இறங்குவதற்கான தெருவையும் நிலமிழந்தவனே வெட்ட வேண்டும் என்றது சட்டம். உடலுழைப்பைத் துறந்த பௌத்த பிக்குகளுக்கும் முதலில் விலக்களிக்கப்படவில்லை. கிளர்ச்சிக்குப் பின்னரே அவர்கள் விலக்குப் பெற்றனர்.

ஒருமுறை மாணவன் ஒருவன் எழுந்து, ‘துரையின் நாய்க்கும் வரி இருந்ததா, சேர்?’ என்று கேட்டான். நல்ல கேள்வி. சட்டத்தின் எழுத்திலே எல்லோரும் சமம். துரைக்கும் மூன்று சிலிங், குடியானவனுக்கும் மூன்று சிலிங். ஒருவனுக்கு அது சட்டைப்பையின் சில்லறை. மற்றவனுக்கு, சட்டத்தின் கணக்குப்படியே, ஆறு நாள் வாழ்வு. சமமற்றோர் மீது சமமாக விழும் பாரம் சமமன்று.

இச்சட்டத்தில் ஒரு விலக்கு நம் கவனத்துக்குரியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் தெரு ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டனர். இதனைத் தமிழ்த் தொழிலாளிக்குக் கிடைத்த சலுகையென எண்ணிவிடலாகாது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, கூட வந்தோரை வழிநெடுக மண்ணுக்குக் கொடுத்து வந்தவன் அவன். அவனுடைய நாட்கள் ஏற்கெனவே துரைக்கு உரியனவாயின. அரசு பங்கு கேட்டால் தோட்டத்துக்கு நட்டம். சிங்களக் குடியானவனைத் தெருவிலும் தமிழ்த் தொழிலாளியைத் தோட்டத்திலும் நிறுத்தியது ஒரே கை. இருவரும் அடுத்தடுத்த மலைகளிலே வேலை செய்தும் ஒருவரையொருவர் அறியாது போயினர் என்பது இந்நாட்டு வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று.

இச்சட்டங்களை இயற்றிய சட்டநிரூபண சபையிலே பதினைந்து பேர் இருந்தனர். ஒன்பதின்மர் உத்தியோகத்தர். எஞ்சிய அறுவரும் தேசாதிபதியின் நியமனம் பெற்றோரே. கண்டி மக்களுக்கென ஓர் ஆசனம் 1889ஆம் ஆண்டு வரை இருக்கவில்லை. எவர் முற்றத்து நாய் எண்ணப்பட்டதோ அவர் சார்பிலே பேச ஒரு வாயும் அச்சபையிலே இல்லை. கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையின் ஆசிரியரான வைத்தியர் கிறிஸ்தோபர் எலியட் இக்கருத்தையே எடுத்துக் காட்டினார். பிரதிநிதித்துவமற்ற மக்கள்மீது வரி சுமத்துவது அநீதி என்று வாதிட்டு, ‘ஆங்கிலேயன்’ என்ற பெயரில் அப்பத்திரிகையில் வெளிவந்த கடிதம் சிங்களத்திலே பெயர்க்கப்பட்டு மக்களிடையே பரவிற்று.

1848 யூலை 6ஆந் திகதி ஆயிரக்கணக்கான குடியானவர் கண்டிக் கச்சேரியின் முன் கூடினர். அவர்கள் ஆயுதம் ஏந்தி வரவில்லை, முறையிடவே வந்தனர். முறைப்பாடு கேட்கப்படவில்லை. அம்மாத இறுதியில் தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளையும் குருநாகலும் தாக்கப்பட்டன. மேல்மட்டப் பிரபுக்களுட் பெரும்பாலோர் ஒதுங்கி நிற்க, மொறட்டுவையிற் பிறந்த புரன் அப்பு போன்றோரே முன்னணியில் நின்றனர். இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. அரசின் படையில் ஓர் உயிரேனும் போகவில்லை. எனினும், கிளர்ச்சி அடங்கிய பின்னரும் இராணுவச் சட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. ஓகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். அதே மாதத்தில் குடாப்பொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். பிரித்தானியப் பாராளுமன்றமே விசாரணை நடத்தும் அளவுக்கு விடயம் முற்றி, 1850ஆம் ஆண்டில் டொறிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

சிரிப்புக்கிடமான வரிகள் விரைவிலே கைவிடப்பட்டன அல்லது தளர்த்தப்பட்டன. சிரிப்புக்கிடமில்லாத தெரு வரியோ மேலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்று நிலைத்தது. நாய் வரியை நினைவில் வைத்துத் தெரு வரியை மறந்துவிடும் எமது பாடமுறை இவ்விடத்திலேதான் வழுவுகின்றது. 1920களின் தொடக்கத்தில் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா அவ்வரியின் இரண்டு ரூபாவைக் கட்ட மறுத்து, அதற்குப் பதிலாகத் தெருவோரத்திலே கல்லுடைத்தார். பார்ப்பவர்க்கு அது சிறு செயல். ஆனால், சட்டம் எதனைக் கேட்கின்றது என்பதை நகரத்து மக்கள் கண்ணாரக் கண்டனர். வரி ஒழிந்தது.

இவை யாவும் அந்நியர் செய்த கொடுமை என்று சொல்லி நாம் கைகழுவிவிட முடியுமா? 1797ஆம் ஆண்டில் கரையோரத்திலே தென்னை மரங்களுக்கு வரி விதித்தபோது அதனை அறவிடச் சென்னையிலிருந்தே அமுல்தார்கள் கொண்டுவரப்பட்டனர். அவ்வாட்சிக்கு எதிராகவும் மக்கள் எழுந்தனர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. நாயை எண்ணும் பேனாவின் பக்கத்தில் இடம் கிடைத்தால் எண்ணப்படுவோரை மறந்துவிடும் மனப்பான்மையை அப்பழமொழி காட்டிக் கொடுக்கின்றது.

சுதந்திர நாட்டிலும் இக்கதை முடியவில்லை. மது விற்கும் நிலையங்களில் பெண்களுக்கு மது விற்பதையும் அவர்களை வேலைக்கமர்த்துவதையும் தடுத்து 1979ஆம் ஆண்டில் ஓர் அறிவித்தல் வெளிவந்தது. 2018 சனவரியில் நிதியமைச்சர் அதனை நீக்கினார். சில நாட்களுக்குள் சனாதிபதியின் பணிப்பின்படி தடை திரும்பவும் வந்தது. மது நன்றா தீதா என்பது வேறு வினா. அதன் தீமையை மறுப்பவர் நாமல்லர். ஆனால், குடித்துவிட்டு வீட்டை அழிக்கும் ஆணுக்கு இல்லாத தடை பெண்ணுக்கு ஏன்? அவளுடைய ஒழுக்கத்துக்குக் காவலனாகத் தன்னைத் தானே நியமித்துக்கொள்ளும் அரசு அவளைக் கேட்டதுண்டா? கண்டிக் குடியானவனைப் போல அவளும் கேட்கப்படாதவள். அதனாற்றான் பெண்கள் சிலர் உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது.

அரசே வேண்டாம், விதிகளே வேண்டாம் என்பது எமது வாதமன்று. தெரு வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும். அப்பணத்தைக் கோப்பியிடம் கேட்காமல் நாயிடம் கேட்டதே குற்றம். அற்பமாகத் தோன்றும் சட்டங்கள் அற்பமானவையல்ல. வலியவரின் நலனைத் தொட அஞ்சும் அரசு, எளியவரின் முற்றத்துக்குள் நுழையும்போது அவை பிறக்கின்றன.

இதை எழுதும் நாமும் தலைமயிரின் நீளம் முதல் நடையுடை வரை மாணவருக்கு விதிகள் விதிப்பவர்களே. எந்த விதிக்கும் அவர்களைக் கேட்டதாக நினைவில்லை. அடுத்த முறை நாய் வரியைக் கேட்டு அவர்கள் சிரிக்கும்போது நாம் தடுக்கப் போவதில்லை. சிரித்து ஓய்ந்த பின், அச்சட்டத்தை எழுதியவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்போம். அக்கேள்வியை அவர்கள் எம்மிடமே திருப்பிக் கேட்கும் நாள் வருமாயின், அன்று நாம் வரலாறு படிப்பித்தவர்கள் ஆவோம்.