தாராவியும் இருதுறைக் கோட்பாடும்

‘முறைசாராத் துறை’ என்ற கருத்தாக்கம் தாராவியில் பிறந்ததன்று. மானிடவியலாளர் கீத் ஹார்ட் கானாவின் அக்ராவில் நிகழ்த்திய கள ஆய்வின் வழியாகவும், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1972ஆம் ஆண்டுக் கென்ய அறிக்கையின் வழியாகவும் அது பரவிற்று. ஆர்தர் லூயிசின் இருதுறை மாதிரி அதற்கும் முந்தையது (1954). ஆலை ஒருபுறம், தாராவி மறுபுறம் என்று மும்பையை வரைந்துகாட்டும் பழக்கத்திற்கு இவையே அடிப்படை. நம் ஆய்வேடுகள் இன்னும் அதை விடவில்லை.

ராஜ்நாராயண் சந்தாவர்க்கரின் 1994ஆம் ஆண்டு நூல் 1900–1940 காலத்துப் பம்பாயைக் கொண்டு அக்கோட்டை அழித்தது. ‘முறைசார்ந்த’ ஆலையே பதிலி ஆட்களை நாள்கூலிக்கு எடுத்தது. வேலைக்குச் சேர்த்தவர் ‘ஜாபர்’ எனப்பட்ட மேஸ்திரி. கடன் கொடுத்தவர் தெருவின் மளிகைக்காரர். வேலைநிறுத்தம் நீண்டால் அடைக்கலம் சொந்த ஊர்.

தாராவியின் தோல் தொழில் இன்னும் தெளிவான சான்று. திருநெல்வேலிப் பகுதித் தமிழ் முஸ்லிம்கள் இங்குத் தோல் பதனிடுதலை வளர்த்தமைக்குப் பாந்திரா இறைச்சிக்கூடத்தின் அண்மை ஒரு காரணம். 1970களின் தொடக்கத்தில் அக்கூடம் தேவ்னாருக்குப் பெயர்ந்தது. பதனிடும் கூடங்களும் பின்னர் வெளியேறின. ஒரு காரணம், ஒரு விளைவு என்னும் கணக்குப்படி தொழில் மடிந்திருக்க வேண்டும். மடியவில்லை. பதனிட்ட தோல் வெளியிலிருந்து வந்தது. பையும் இடுப்புவாரும் தைக்கும் பட்டறைகள் நிலைத்தன. கைத்திறன், கடன், உறவுமுறை, வாங்குவோர் தொடர்பு ஆகியவை ஒன்றையொன்று தாங்கி நின்றதால், ஒரு கண்ணி அறுந்தும் வலை கிழியவில்லை என்பதே என் வாசிப்பு.

வாரன் வீவர் 1948இல் ‘ஒழுங்கமைந்த சிக்கல்தன்மை’ என்றது இத்தகைய நிலையையே: உறுப்புகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் பிணைப்பே முதன்மை பெறும், சராசரி எடுத்தால் பிணைப்பு மறைந்துவிடும். ஹாயெக் 1964ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் 1974 நோபல் உரையிலும் இதைப் பொருளியல் முறையியலுக்குள் கொண்டுவந்தார். அதிலிருந்து அவர் வந்தடைந்த சந்தை அரசியலில் எனக்கு உடன்பாடில்லை. தாராவியில் அறிவைக் கடத்துவது விலை மட்டுமன்று. கடன்காரரின் நினைவும் ஊர்க்காரரின் சொல்லும் அதைக் கடத்துகின்றன. ஆயினும் அளக்கக்கூடியதை மட்டுமே காரணமாகக் கொள்ளும் பழக்கத்தை அவர் கண்டித்தது சரி.

இது வகுப்பறை வாதம் மட்டுமன்று. மறுசீரமைப்புத் திட்டம் குடியிருப்போரைத் தகுதியுடையோர், தகுதியற்றோர் எனப் பிரிக்கிறது. 2000 ஜனவரி 1 அதன் முக்கிய வரம்பு. அதற்குப் பின் வந்து, பட்டறையின் பரணிலேயே உறங்கும் தையல்காரர் வெளியேறினால், தகுதிபெற்ற பட்டறைக்காரருக்கு எஞ்சுவது சதுர அடி; தொழில் எஞ்சுமா என்பதை எந்தக் கணக்கெடுப்புப் படிவமும் கேட்பதில்லை.