கொடுக்க உரிமையில்லாத கொடை

மேற்கு சஹாராவின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் எழுவது ஒரே கேள்விதான்: காலனித்துவ ஆட்சியாளன் வெளியேறுமுன் யாருக்குக் கடமைப்பட்டவன்?

ஐ.நா. சாசனத்தின் 73ஆம் உறுப்புரை அம்மண்ணின் மக்களுக்கே என்கிறது. ஸ்பெயினும் 1974இல் சர்வசன வாக்கெடுப்பு நடத்துவதாக அறிவித்து, குடிசன மதிப்பும் எடுத்தது. 1975 ஒக்டோபர் 16இல் சர்வதேச நீதிமன்றம், மொரோக்கோவுக்கும் மொரிட்டானியாவுக்கும் அங்கிருந்த பழைய உறவுகள் இறைமையாகா. மக்களின் விருப்பமே தீர்வு எனக் கருத்துரைத்தது.

ஒரு மாதம்கூடக் கழியவில்லை. பிராங்கோ மரணப்படுக்கையில் கிடக்க, நவம்பர் 14இல் மட்ரிட்டில் அவ்விரு நாடுகளிடமும் நிர்வாகத்தைக் கையளிக்க ஸ்பெயின் உடன்பட்டது. சஹ்ராவி மக்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை. அவ்வுடன்படிக்கை இறைமையைக் கைமாற்றவில்லை என்று ஐ.நா.வின் சட்டத்துறைத் தலைவர் ஹான்ஸ் கொரெல் 2002இல் எழுதினார். நிர்வகிக்கும் அரசு என்ற தகுதியைக்கூட ஸ்பெயின் தன்னிச்சையாகக் கொடுத்திருக்க முடியாது என்பதும் அவரது முடிவு.

1991இன் யுத்தநிறுத்தம் வாக்குறுதியளித்த வாக்கெடுப்பு இன்னமும் நடக்கவில்லை. அல்ஜீரியாவின் திந்தூஃப் முகாம்களில் பிறந்தவர்கள் அங்கேயே பிள்ளைகளும் பெற்றுவிட்டார்கள். பலஸ்தீனத்துக்காக ஓயாது எழுதும் நாம் இவர்களைப் பற்றி எழுதுவது அரிது. மண்ணைப் பங்கிட்டவர்களும் முஸ்லிம்கள் என்பதாலா? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.