தூதர்

‘தூத’ என்ற வடசொல்லின் வழி வந்தது தூது. செய்தி கொண்டுபோகிறவர் தூதர். திருக்குறளின் 69ஆம் அதிகாரத்துக்கே தூது என்றுதான் பெயர். அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் தூதரை இரு வகையாக்குகிறார்: நிலைமை அறிந்து தாமே வகுத்துச் சொல்பவர், சொல்லியனுப்பியதை மட்டும் சொல்பவர். அருமையான பகுப்பு! இரண்டாமவரை முதலாமவராக வளர்ப்பதுதானே இன்றைய பயிற்சியும்?

இந்திய வெளியுறவுப் பணியில் சேர்பவர் முசோரியிலும் டெல்லியிலும் பயின்றபின், தமக்கு ஒதுக்கிய அயல்மொழியைக் கற்கப் போகிறார். அரபி என்றால் பெரும்பாலும் கெய்ரோ. தூதரகத்தில் அப்போது அவர் மூன்றாம் செயலர். மொழித்தேர்வில் தேறினால்தான் பணி உறுதியாகும். தூதர் என்ற பதவிப்பெயரோ தூதரகத் தலைவருக்கு மட்டுமே உரியது. அதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.