மூன் எழுத்து

பெயரைக் கேட்டதும் நிலவு நினைவுக்கு வரலாம். நிலவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் வாழ்ந்த வில்லியம் மூன் என்பவரின் குடும்பப் பெயர் இது. சிறுவயதிலேயே காய்ச்சலில் ஒரு கண்ணை இழந்த அவர், இருபத்தொன்றாம் வயதில் முழுவதுமாகப் பார்வை இழந்தார். அன்று புழக்கத்திலிருந்த புடைப்பெழுத்துகளைத் தடவிப் படிக்கப் பார்வையற்ற பிள்ளைகள் படாத பாடு பட்டார்கள். அதனால் 1845-இல் அவரே ஓர் எழுத்து முறையை வெளியிட்டார்.

பிரெயிலைப் போல இது புள்ளிகளால் ஆனதல்ல. மேடான கோடுகளும் வளைவுகளும்தான். ஆங்கில 'ஏ'யின் குறுக்குக்கோட்டை எடுத்துவிட்டால் மூனின் 'ஏ'. அதையே தலைகீழாகத் திருப்பினால் 'வி'. இப்படிச் சில வடிவங்களே திசை மாறிப் பல எழுத்துகளாகின்றன. தொடக்க கால நூல்களில் ஒரு வரி இடமிருந்து வலமாக ஓடினால், அடுத்தது வலமிருந்து இடமாகத் திரும்பும். விரல் வரியைத் தவறவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

அச்செழுத்தை அறிந்து, முதுமையில் பார்வை இழந்தவர்களுக்கும் விரல்நுனி உணர்வு மங்கியவர்களுக்கும் பிரெயிலைவிட இதுவே எளிது.