மிஞ்சிய ரத்தம்

மத்திகிரிக் கால்நடைப் பண்ணை, வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளத்துக்குக் குதிரை வளர்த்த இடம். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பருக்கு முகம் செக்கச்செவேல் என்றிருக்கும். "இந்த வயசிலும் என்ன ரத்தம்!" என்று கண் வைக்காதவர் இல்லை. அந்த ரத்தமே வியாதி என்று டாக்டர் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பதற்கில்லை. 1892-லேயே பாரிஸில் வாக்கே என்ற வைத்தியர் இந்நோயை வர்ணித்திருக்கிறார். எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை வரம்பின்றிப் பெருக்குகிறது. கெட்டிப்பட்ட ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைகிறது. மூளையில் உறைந்தால் பக்கவாதம். இருதயத்தில் உறைந்தால் மாரடைப்பு.

பரிகாரம்? நாம் கேலி செய்து ஒதுக்கிய பழைய ரத்தம் வடித்தல்தான்! "ரத்தம் போனால் பலம் போய்விடும்" என்று நண்பர் பாதியில் நிறுத்திவிட்டார்.

2013-ல் வெளியான இத்தாலிய ஆராய்ச்சி ஒன்றை அவருக்குப் படித்துக் காட்டினேன். ரத்தம் வடித்தும் மருந்து கொடுத்தும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை நூற்றுக்கு 45-க்குக் கீழே வைக்க முயன்ற 182 பேரில், பெரிய ரத்த உறைவோ இருதய மரணமோ நேர்ந்தது 5 பேருக்கு. 45 முதல் 50 வரை விடப்பட்ட 183 பேரில் 18 பேருக்கு.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை.

"குதிரை, சிவப்பணுக்களை மண்ணீரலில் பதுக்கி வைத்து, ஓடும்போதுதான் வெளியே விடும். ஓடாத எனக்கு எதற்கு, சார், இத்தனை ரத்தம்?" என்றார்.

மறுநாள் காலையில் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை நீட்டினார்.